துருவின் மேல் பூசிய வெள்ளை





எங்கள் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், ஒரு மாருதி 800 நிற்கிறது. 2000-ஆம் ஆண்டு மாடல், வெள்ளை நிறம். என் அத்தா 2007-இல் அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார்கள். ஜவுளிக்கடையில் கணக்கெழுதிச் சேர்த்த பணம். அக்காமார் இருவரின் நிக்காஹ்வுக்கும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவந்தது அந்த வண்டிதான். அத்தாவைக் கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதுவே. அத்தா வஃபாத்தான 2019-க்குப் பிறகு வண்டி என் பொறுப்புக்கு வந்தது. மத்ரஸா ஆசிரியரின் வருமானத்தில் பெட்ரோல் போட முடிந்தபோது ஓட்டினேன்; மற்ற நாள்களில் அது மரத்தடியில் நின்றது. வேப்பம்பிசினும் காக்கை எச்சமும் மழைநீரும் தம் வேலையைச் செய்தன. பானெட் மங்கியது. கதவுகளின் அடிவிளிம்பில் சாயம் கொப்புளித்து, கொப்புளத்தைத் தொட்டால் செம்பழுப்புத் தூளாக உதிர்ந்தது.

சென்ற ஆண்டு வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கியது. பழைய வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். பெயின்டிங் பட்டறையில் விசாரித்தேன். டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்றார்கள். என் கையில் இருந்தது 6,000. "லோன் போட்டுக்கலாம் ஹஜ்ரத், மாசம் கொஞ்சம் கட்டினாப் போதும்" என்று ஒருவர் வழிகாட்டினார். வட்டியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, காரின் மினுமினுப்புக்காக அதன் வாசலில் போய் நிற்பதா? வேண்டாமென்று திரும்பினேன்.

ஆனால் வேறொரு கேள்வி மனத்தில் இருந்தது. ஓடுகிற வண்டிக்கு வர்ணம் எதற்கு? இது வீண்விரயத்தில் சேராதா? அழகிய ஆடையையும் அழகிய காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகை நேசிப்பவன் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி முஸ்லிமில் இருக்கிறது. அந்த விளக்கத்தில் மனம் ஆறுதல் கொண்டது. உண்மையை மறுப்பது என்ற அதன் மறுபாதி எனக்காகக் காத்திருந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை.

ரமளானுக்கு முன்பு, ஷஃபான் மாதத்தின் பிற்பகுதியில் மத்ரஸாவுக்கு விடுமுறை. மாசி வெயில், மழையில்லை. பதினைந்து வயது மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தேன்.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என்னைப் போன்ற நிலையில் உள்ளவர்களுக்கு அது பயன்படக்கூடும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றம் செய்ய வேண்டிவரும். ஆகவே வெள்ளைக்கு வெள்ளையே. தெளிப்பதற்குக் கம்ப்ரஸர் இல்லை. இரும்புக் கதவுக்கு அடிக்கும் சாதாரண எனாமல் பெயின்டை ஸ்பாஞ்ச் ரோலரால் உருட்டுவது என்று முடிவு செய்தோம். எனாமல் 3 லிட்டர் 1,080 ரூபாய். ரெட் ஆக்சைடு பிரைமர் 1 லிட்டர் 220. பட்டி ஒரு கிலோ 340. வாட்டர் பேப்பர் நாற்பது தாள் 720. டர்பன்டைன் 3 லிட்டர் 360. துருநீக்கி, தின்னர், ரோலர், டேப், கம்பித் தூரிகை, முகமூடி, கடைசியில் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்ட் ஆகியவற்றையும் சேர்த்து, கணக்கு 4,000-இல் நின்றது.

முதல் நான்கு நாள்கள் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. சோப்புநீரால் கழுவினோம். மண்ணெண்ணெய்த் துணியால் பிசினை எடுத்தோம். துருப்பிடித்த இடங்களைக் கம்பித் தூரிகையால் வெள்ளி நிறம் தெரியும்வரை சுரண்டினோம். பிறகு வண்டி முழுவதையும் 400 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தோம். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் பழைய பெயின்டின் தூள் மூச்சில் ஏறும். தேய்த்துத் தேய்த்து மகனின் விரல்நுனிகள் சிவந்துவிட்டன. "பெயின்ட் எப்ப அத்தா அடிப்போம்?" என்று நாளுக்கு நான்கு முறை கேட்டான். அடியில் பிடிப்பு இல்லாவிட்டால் மேலே எதுவும் நிற்காது என்பதை அவனுக்குச் சொன்னேன். சொன்ன வாயால் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணாடிகளை மறைக்கப் பழைய செய்தித்தாள்களை எடுத்தபோது, நடுவில் எங்கள் சமுதாய மாத இதழ்கள் சில கலந்திருந்தன. அரபு எழுத்துகள் உள்ள தாள்களைத் தனியே எடுத்து வைக்கும்படி என் துணைவியார் வாசலில் நின்று சொன்னார். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பிரித்ததில் அரைநாள் சென்றது. அந்த அரைநாள் வீணென்று நான் நினைக்கவில்லை.

சுரண்டிய இடங்களுக்கு ரெட் ஆக்சைடு, பள்ளங்களுக்குப் பட்டி, காய்ந்ததும் மீண்டும் தேய்ப்பு. அதன்பிறகே வெள்ளை. டர்பன்டைன் கலந்து, ஏறக்குறைய பால்போல நீர்க்கச் செய்து, மிக மெல்லிய படலமாக உருட்ட வேண்டும். முதல் கோட்டு அடித்தால் ஒன்றுமே மூடியதுபோல் தெரியாது. கீழே உள்ள செம்மையெல்லாம் பல்லிளிக்கும். அங்கே பொறுமை இழந்து கெட்டியாக அடித்தால் பெயின்ட் கண்ணீராக ஒழுகி நிற்கும். ஆறு கோட்டுகள் அடித்தோம். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை 800 எண் தாளால் தேய்ப்பு. காற்றும் தூசியும் எழுவதற்கு முன், பஜ்ர் தொழுகை முடிந்து வந்ததும் அடிப்போம். மறுநாள் பஜ்ருக்குப் பின்புதான் அடுத்தது.

இங்கே ஒரு மார்க்க விஷயத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். எனாமல் பெயின்ட் தோலில் படிந்தால், மருதாணி போல வெறும் நிறமாக நிற்காது. தண்ணீர் உடலில் படாமல் தடுக்கும் படலமாகிவிடும். அது இருக்கும்போது ஒளு நிறைவேறாது. பெயின்ட் வேலை செய்யும் நம் சகோதரர்கள் நாள்தோறும் படும் சிரமம் இது என்பதை, கிதாபில் எத்தனையோ முறை நடத்தியும், என் நகக்கண்ணில் வெள்ளைக்கோடு ஒட்டிக்கொண்ட அன்றுதான் உணர்ந்தேன். அன்றைய லுஹர் ஜமாஅத் தவறிவிட்டது. மறுநாளிலிருந்து, வேலைக்கு முன் கைகளிலும் நகங்களைச் சுற்றியும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அப்படிச் செய்தால் பெயின்ட் இறுகப் பிடிக்காது. டர்பன்டைன் துணியால் துடைத்துச் சோப்புப் போட்டால் போய்விடும். வாடையோடு பள்ளிவாசலுக்குப் போகக்கூடாது என்பதற்காக ஒரு சட்டையைத் தனியே ஒதுக்கினேன். மத்ரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளில் இரண்டு பேருடைய தந்தையர் பெயின்டர்கள். தொழுகைக்குத் தாமதமாக வரும் அவர்களைப் பற்றி நான் மனத்துக்குள் எண்ணிய சில எண்ணங்களுக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்தாவது கோட்டு காய்ந்திருந்தபோது, வாளி உரசி பானெட்டில் ஒரு கீறல் விழுந்தது. அதைத் தேய்த்து மறுபடி உருட்ட ஒருநாள் ஆகும். நான் அவசரப்பட்டேன். கடையில் 260 ரூபாய்க்கு வெள்ளை ஸ்பிரே டப்பா ஒன்றை வாங்கிவந்து அடித்தேன். சில நிமிடங்களில், காய்ச்சிய பாலின் ஆடை சுருங்குவதுபோல், கீழிருந்த எனாமல் முழுவதும் சுருண்டு எழுந்தது. முழுதாக இறுகாத எனாமலின் மேல் கடுமையான தின்னர் கலந்த பெயின்ட் பட்டால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு ஒரு பெயின்டர் சொன்னார். ஒருநாளை மிச்சப்படுத்தப் போய் மூன்று நாள்களை இழந்தேன். செலவு 4,260 ஆயிற்று.

ரமளானின் முதல் பத்தில், பெயின்ட் நன்கு இறுகியபின், 1500, 2000 எண் தாள்களால் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுத் துணியால் மெருகேற்றினோம். அருகில் சென்று பார்த்தால் ரோலரின் தடம் தெரியும். பத்தடி தள்ளி நின்றால் அத்தா வாங்கிவந்த நாளில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இனி, நான் சொல்லாமல் விட்ட பகுதிக்கு வருகிறேன்.

வேலையின் மூன்றாம் நாள் உள்ளே மிதியடியைத் தூக்கியபோது, முன்புறம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே, தரைத்தகட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை இருந்தது. சுற்றிலும் தகடு பிஸ்கட்போல நொறுங்கியது. இதற்கு உரிய வழி ஒன்றே: கெட்டுப்போன தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வது. பட்டறையில் 3,500 கேட்டார்கள். என் கணக்கில் அதற்கு இடமில்லை. செய்தித்தாளைச் சுருட்டி ஓட்டையில் அடைத்து, மேலே கனமாகப் பட்டி பூசி, அடியிலும் மேலும் பெயின்ட் அடித்து, மிதியடியைப் போட்டு மூடினேன்.

"இது நிக்குமா அத்தா?" என்று மகன் கேட்டான்.

"நமக்குத்தானே, பாத்து ஓட்டிக்கலாம்" என்றேன்.

ஷவ்வாலில் நிலைமை மாறியது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தவணை 45,000 ரூபாய். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, பக்கத்து ஊர்ச் சகோதரர் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருடைய தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை. சிறிய வண்டி ஒன்று தேடுவதாகச் சொன்னார். "ஹஜ்ரத் வண்டின்னா தைரியமா வாங்கலாம்" என்று சொல்லி, 60,000 தருவதாக அவரே விலையும் கூறினார். மறுநாள் காலை முன்பணத்துடன் வருவதாகச் சொல்லிப் போனார். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு தரகர் அதே வண்டிக்கு 30,000 சொல்லியிருந்தார்.

அன்றிரவு நான் எனக்கே வக்கீலானேன். பழைய வண்டியை வாங்குபவர் பார்த்துத்தானே வாங்க வேண்டும்? நான் பொய் ஏதும் சொல்லவில்லையே! அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. துருவை நான் உண்டாக்கினேனா? மழையும் காலமும் உண்டாக்கியது. மேலும், மகளின் படிப்பு ஒரு நல்ல காரியமல்லவா?

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததையும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், காரணம் கேட்டபோது மழையில் நனைந்துவிட்டது என்று அந்த வியாபாரி சொன்னதையும் நாமெல்லாம் அறிவோம். அந்த நபிமொழியை எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருக்கிறேன். அந்த வியாபாரி சொன்னது பொய்யன்று என்பதை அன்றிரவுதான் கவனித்தேன். மழை பெய்தது உண்மை. அவர் தண்ணீர் ஊற்றவில்லை. ஆயினும் ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்பதே நபியவர்களின் கேள்வியாக இருந்தது. மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற எச்சரிக்கையும் அங்கேயே வந்தது. குறை எப்படி வந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. அதன் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்பியது யார் என்பதே வழக்கு. என் வழக்கில் பரப்பியவன் நான். ஆறு கோட்டு வெள்ளை பரப்பியிருந்தேன். என் வெண்மையைப் பார்த்தே அவர் விலை சொன்னார். என் தொப்பியைப் பார்த்தே துணிந்தார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அம்ம ஜுஸ்வில் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் 83-ஆவது சூரா அல்முதஃப்ஃபிஃபீன். அளவையில் மோசடி செய்யும் வியாபாரிகளுக்குக் கேடு என்று தொடங்கும் அதே சூராவின் 14-ஆவது வசனத்தில்தான், இதயங்களின் மேல் படியும் கறையைக் குறிக்கும் 'ரான' என்ற சொல் வருகிறது. துரு என்றே அதற்குப் பொருள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாவம் செய்யும்போது உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. மனிதன் விலகி, பாவமன்னிப்புத் தேடினால் உள்ளம் மெருகேற்றப்படுகிறது. மீண்டும் செய்தால் புள்ளி பெருகி உள்ளத்தையே மூடிவிடுகிறது. அதுவே அந்த 'ரான்' என்று திர்மிதியில் வரும் நபிமொழி விளக்குகிறது. மெருகேற்றுவதற்கு அங்கே வரும் அரபுச் சொல், வாளைத் தீட்டிப் பளபளப்பாக்குவதற்கு வழங்கும் சொல். தவ்பாவைப் பற்றிப் பேசுகையில், மேலே பூசுவதைச் சொல்லாமல் தேய்ப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாள்கள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தவனுக்கு அந்த வேறுபாடு கையிலேயே தெரியும்.

இரவு பதினொரு மணியளவில் டார்ச் விளக்கும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மகனும் எழுந்து வந்தான். மிதியடியைத் தூக்கினேன். வெள்ளையின் விளிம்பில் இரண்டே மாதத்தில் சிறு கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. ஸ்குரூ டிரைவரால் லேசாக அழுத்தினேன். பட்டி வில்லையாகப் பெயர்ந்து, நனைந்த செய்தித்தாளுடன் கீழே விழுந்தது. டார்ச் வெளிச்சத்தில் எங்கள் வாசல் மண் தெரிந்தது. அந்த இருக்கையில்தான் அவர் தம் தாயாரை உட்காரவைத்து அழைத்துப் போவார். 'நமக்குத்தானே' என்று நான் மகனிடம் சொன்ன சமாதானம் அந்த ஓட்டை வழியாகவே போய்விட்டது.

காலையில் அவர் வந்ததும், ரூபாய் நோட்டுகளை எண்ணவிடாமல், முதலில் மிதியடியைத் தூக்கிக் காட்டினேன். எப்படி அடைத்தேன், என்ன பூசினேன் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது ஹஜ்ரத்" என்றார். பிறகு, வீட்டில் கலந்து சொல்கிறேன் என்று போனார். மூன்றாம் நாள், வேறு வண்டி பார்த்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.

இத்தகைய கதைகளின் முடிவில், நேர்மையாளருக்கு இருமடங்கு விலை கிடைத்தது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அப்படி எதுவும் நிகழவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவர் தெருமுனை திரும்பியபோது மகிழ்ச்சியன்று, ஏமாற்றமே என்னுள் இருந்தது. கைக்கு வந்த 60,000 போயிற்றே என்று நெஞ்சு கணக்குப் போட்டது. என் துணைவியார் தேநீரைக் கொண்டுவந்து வைத்து, "அந்தம்மா நல்லபடியா ஆஸ்பத்திரி போய்வரட்டும்" என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே சென்று தம் வளையல்கள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவற்றை ஈடாக வைத்து, எங்கள் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் 40,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் பெற்றேன். மாதம் 2,000 வீதம் இருபது தவணைகள். மீதி 5,000-ஐ அக்கா கொடுத்தார். மகள் படிக்கிறாள். எட்டுத் தவணைகள் கட்டியாகிவிட்டன, பன்னிரண்டு மிச்சம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, துணியில் இருந்த குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபோது, அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம். அவர்களோடு என்னை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. அவர்கள் மறந்த ஒருவருக்காகப் பொறுப்பேற்றார்கள். நானோ நினைவோடு மறைக்கவிருந்தேன். எனக்கும் அந்தப் பாவத்துக்கும் இடையில் ஒரே ஓர் இரவு இருந்தது. அந்த இரவைத் தந்த ரஹ்மானுக்கே புகழனைத்தும்.

மே மாதம் பணம் சேர்ந்ததும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். துருவேறிய தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். 3,500 ரூபாய். முதலிலேயே செலவழித்திருக்க வேண்டிய பணம். உங்களில் யாரேனும் வீட்டிலேயே வண்டிக்கு வர்ணம் பூச நினைத்தால், என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன்: கையில் உள்ள பணத்தை முதலில் துருவுக்கும் ஓட்டைக்கும் ஒதுக்குங்கள், மிஞ்சியதில் வெள்ளை அடியுங்கள். மிஞ்சாவிட்டால், மங்கிய வண்டியையே ஓட்டுங்கள். மங்கிய நிறத்தால் யாருக்கும் தீங்கில்லை.

பதிவு புதுப்பிக்கப்பட்டது. வண்டியை விற்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம். புதுத்தகட்டின் மேல் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்திருக்கிறேன். மேலே ஒரு கோட்டு வெள்ளை போட்டுவிடலாமே என்று மகன் கேட்டான். டப்பாவில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. வேண்டாமென்றேன். மிதியடியைத் தூக்கினால் வெல்டிங் தழும்பு யாருக்கும் தெரியும்படி செம்பழுப்பாகவே இருக்கட்டும். நாளை யாரேனும் விலைக்குக் கேட்டால், அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

யா அல்லாஹ், எங்கள் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்குவாயாக. எங்கள் உள்ளங்களில் படியும் துருவை, அது பெருகும் முன் எங்களுக்குக் காட்டித் தருவாயாக. எங்கள் பெற்றோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.